மண்டபத்தின் சாவி எங்களிடமும் இருக்க வேண்டும்

எங்கள் வட்டார பௌத்த சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கப் போனவர் எங்களில் ஒருவர்தான். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். சித்திரையில் நடக்க இருந்த பெண்கள் தம்மக் கூட்டம், அதாவது புத்தரின் போதனையைப் பற்றிப் பேசுகிற எங்கள் இரண்டு நாள் கூட்டம், நிர்வாகக் காரணங்களால் ரத்து. மகளிர் அணியினர் வழக்கம்போல வைகாசி விழா அன்னதானப் பொறுப்பை ஏற்க வேண்டும். அவர்களுக்கு மேடையில் அரை மணி நேரம் ஒதுக்கப்படும். அடியில் சங்கத்தின் முத்திரை. கையெழுத்து யாருடையதும் இல்லை.

ஆவணியில் அந்தக் கூட்டத்துக்காக உங்களிடம் மண்டபம் கேட்டபோது "தாராளமா நடத்துங்க டீச்சர், இது உங்க மண்டபம்" என்று சொன்னீர்கள். அந்த வார்த்தையை நம்பி ஏழு மாதம் வேலை செய்தோம். தாளைப் பார்த்த பிறகு மூன்று முறை நேரில் வந்தேன். முதல் முறை தலைவர் ஊரில் இல்லை. இரண்டாம் முறை அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றீர்கள். மூன்றாம் முறை பொருளாளர் வந்து நின்றார். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை அவர். தலையைக் குனிந்துகொண்டு, "அது குழுவுல முடிவாயிடுச்சு டீச்சர், நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வாசலில் நின்று பேசித் தீர்க்கிற கட்டத்தை இந்த விஷயம் தாண்டிவிட்டது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் எதை ரத்து செய்தீர்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். நிகழ்ச்சி நிரலை ஒருவரும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருடமாக ஒவ்வொரு பௌர்ணமிச் சாயங்காலமும் என் வீட்டுத் திண்ணையில் பெண்கள் கூடுகிறோம். ஆரம்பத்தில் ஐந்து பேர். இப்போது முப்பதுக்குக் குறைவதில்லை. கீழ்வேளூர், திருவாரூர், திருத்துறைப்பூண்டிப் பக்கங்களிலிருந்து மினி பஸ் பிடித்து வருகிறார்கள். புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடைகிற திரிசரணமும் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலமும் சொல்லி, இருபது நிமிடம் மூச்சைக் கவனித்து உட்கார்ந்து, அப்புறம் வாசிப்பு. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு எல்லோரும் பேசுவோம். புத்தரின் வாக்குகளான தம்மபதம் முடித்தோம். மணிமேகலையின் முப்பது காதையும் முடிக்க இரண்டரை வருடம் ஆனது. அதன் பிறகு தேரிகாதை. புத்தர் காலத்துப் பிக்குணிகளின், அதாவது பெண் துறவிகளின், பாட்டு என்று மரபு சொல்கிற தொகுப்பு அது. எழுபத்து மூன்று பாட்டு. ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் வாழ்க்கை.

எங்களோடு ஒருவர் வருகிறார், சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நாகப்பட்டினம் கடலோரத்தில் தன் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்த நாள் அது. அவர் அதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. ஒரு கார்த்திகைப் பௌர்ணமியில் படாசாரையின் கதையைப் படித்தோம். புருஷன் பாம்பு கடித்துச் செத்தான். வெள்ளம் வந்த ஆற்றில் ஒரு பிள்ளை போயிற்று. கைக்குழந்தையைப் பருந்து தூக்கிக்கொண்டு போயிற்று. பிறந்த வீடும் மழையில் இடிந்து பெற்றவர்கள் போய்விட்டார்கள். இடுப்புத் துணி நழுவியதுகூடத் தெரியாமல் தெருத்தெருவாக அலைந்தவளைப் பார்த்துப் புத்தர், தங்கையே, நினைவுக்கு வா என்கிறார். அவள் பிக்குணி ஆகிறாள். ஒருநாள் கால் கழுவிய தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அன்றிரவு விளக்குத் திரியை ஊசியால் உள்ளே இழுக்கிறாள். விளக்கு அணைகிறது, மனம் விடுபடுகிறது.

படித்து முடித்ததும் அந்த அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து வாசலுக்குப் போனார். குடத்தைச் சாய்த்துக் காலில் தண்ணீர் ஊற்றினார். அது படியிலிருந்து இறங்கி, மண்ணில் ஓடி, வாழைமரத்தடியில் உறிஞ்சிப் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, "டீச்சர், சின்னவன் அன்னைக்கு இட்லி வேணாம், பழையதுதான் வேணும்னு அடம் புடிச்சான்" என்றார். அன்று இரவு பத்து மணிவரை பேசினார். கடைசி மினி பஸ் போய்விட்டது. எல்லோரும் என் வீட்டிலேயே படுத்துக்கொண்டோம்.

சித்திரைக் கூட்டத்தில் படாசாரையைப் பற்றிப் பேச இருந்தவர் அவர். தை மாதத்திலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் திருத்தவில்லை.

திருவாரூரில் ஆய்வு செய்யும் ஒரு மாணவி, வயலிலும் குளக்கரையிலும் இருக்கிற புத்தர் சிலைகளைத் தேடி இரண்டு வருடமாக அலைந்தவள், பெருஞ்சேரி, புத்தமங்கலம் என்று ஊர் ஊராகப் போய்வந்ததைச் சொல்வதாக இருந்தாள். சிலையின் அளவு, நூற்றாண்டு எல்லாம் ஆண் ஆய்வாளர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். இவள் கேட்கிற கேள்வி வேறு. முனி என்றும் ரிஷி என்றும் பெயர் மாறிப்போன பிறகும் அந்தச் சிலைகளுக்கு எண்ணெய் தடவி, விளக்கேற்றி, பூ வைத்து இத்தனை காலம் காப்பாற்றியது யார்? பெரும்பாலும் பெண்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறாள்.

நடவுக்குப் போகிற ஒருவர் புண்ணிகையைப் பற்றிச் சொல்வதாக இருந்தார். புண்ணிகை தண்ணீர் தூக்குகிற அடிமைப்பெண். குளிரில் நடுங்கிக்கொண்டு ஆற்றில் முங்குகிற பிராமணரிடம், முங்கினால் பாவம் போகும் என்றால் தவளையும் ஆமையும் தண்ணீர்ப் பாம்பும் அல்லவா முதலில் சொர்க்கம் போகும் என்று கேட்டவள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் ஒருவர், பிரசவ வலியில் இருக்கிற பெண்ணுக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தைப் பகிர்வதாக இருந்தார். பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் பற்றி ஒரு மணி நேரம் வைத்திருந்தோம். 1990-ல் சட்டம் திருத்தப்பட்டு, பௌத்தரான பட்டியல் சாதியினருக்கும் உரிமை உண்டு என்று ஆகி இத்தனை வருடம் கழித்தும், விண்ணப்பத்தில் பௌத்தம் என்று எழுதினால் முகத்தைச் சுளிக்கிற மேசைகள் இருக்கின்றன. அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பது யார்? பிள்ளையின் அம்மா. காலையிலும் மாலையிலும் உட்கார்ந்தும் நடந்தும் தியானம். மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு பிக்குணி வருவதாக ஒப்புக்கொண்டு ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றும் இல்லை. 1987-ல் புத்த கயாவில் பல நாட்டுப் பிக்குணிகளும் இல்லறப் பெண்களும் கூடி சாக்கியதீதா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். புத்தரின் மகள்கள் என்று அர்த்தம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டில் கூடுகிறார்கள். கொழும்பில் கூடியிருக்கிறார்கள், லடாக்கில், வைசாலியில், 2025-ல் மலேசியாவின் கூச்சிங்கில். படித்தவரும் பயிற்சி செய்பவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவதுதான் அங்கே வழக்கம். திபெத்தியப் பிக்குணிகளுக்கு மிக உயர்ந்த படிப்பான கெஷே பட்டம் நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்டது. 2016-ல் இருபது பேர் அதை வாங்கினார்கள், நம் பக்கத்து மாநிலத்து முண்டகோட்டில். உலகத்தில் பெண்கள் இவ்வளவு தூரம் வந்த பிறகு, ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் உட்கார எங்களுக்கு ஏன் அனுமதி இல்லை?

அந்த மண்டபத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். அஸ்திவாரம் போடுவதற்கு முன்னால் இரண்டு வருடம் எங்கள் தெருப் பெண்கள் பிடியரிசி எடுத்தார்கள். உலை வைக்கிறபோது ஒரு பிடி எடுத்துத் தகர டப்பாவில் போடுவது. வீட்டில் நாழி அரிசிதான் இருந்தாலும் அந்த ஒரு பிடியை எடுத்தார்கள். அதை விற்று வந்த பணத்தில்தான் முதல் லோடு செங்கல் இறங்கியது. தளம் போட்ட அன்று கலவைச் சட்டி தூக்கிய தலைகளில் என் தலையும் ஒன்று. வாசலில் பளிங்குக் கல்லில் கொடையாளர் பெயர்கள் வெட்டியிருக்கிறீர்கள். இருபத்து மூன்று பெயர். ஒன்றுகூடப் பெண் பெயர் இல்லை. அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் தப்பு.

வைகாசி விழாவுக்கு வருவோம். சென்ற வருட அழைப்பிதழ் என்னிடம் இருக்கிறது. பதினேழு பெயர், எல்லாம் ஆண்கள். கடைசி வரியில், 'அன்னதானம்: மகளிர் அணி.' நாங்கள் அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினோம். எண்ணூறு பேருக்குச் சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, பாயசம். கொட்டகையில் புகை, ஒலிபெருக்கியில் உங்கள் பேச்சு. பெண்ணுக்குச் சமத்துவம் கொடுத்த ஒரே மார்க்கம் பௌத்தம்தான் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் அண்டாவிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் சுட்டுக்கொண்டது.

இரண்டு விரல் என்றதும் சோமை ஞாபகத்துக்கு வருகிறாள். சோமா தேரி என்ற மூத்த பிக்குணி மரத்தடியில் தியானத்தில் இருக்கும்போது, மனத்தைக் கலைக்கிற மாரன் வந்து, முனிவர்கள் அடைகிற அரிய இடத்தை இரண்டு விரல் அறிவுள்ள பெண் அடைய முடியாது என்கிறான். அது என்ன இரண்டு விரல் அறிவு? உரையாசிரியர் விளக்குகிறார்: பெண் ஏழெட்டு வயதிலிருந்து சோறு ஆக்குகிறாள், ஆனாலும் வெந்ததா இல்லையா என்பது பருக்கையை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும், அதனால் அப்படிச் சொன்னான் என்று. சோமை சொன்ன பதில்: மனம் நன்றாக ஒருமித்து, அறிவு தெளிந்து, தம்மத்தைச் சரியாகப் பார்க்கிறவளுக்குப் பெண் என்பது என்ன தடை?

தேரிகாதைக்கு உரை எழுதியவர் ஆசாரிய தம்மபாலர், தமிழ்நாட்டுக்காரர். நெத்திப்பகரணம் என்ற இன்னொரு நூலுக்கு அவர் உரை எழுதியது நாகப்பட்டினத்தில், தருமாசோக விகாரை என்ற பௌத்த மடத்தில் இருந்துகொண்டு என்று அந்த உரையே சொல்கிறது. சோமையின் இரண்டு விரலை உலகத்துக்கு விளக்கிச் சொன்னவர் நம் கடற்கரையில் உட்கார்ந்து எழுதியவர். இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் சித்திரையில் இதை எங்கள் பெண்களுக்குச் சொல்ல இடம் இல்லை. வைகாசியில் பதம் பார்க்க மட்டும் இடம் இருக்கிறது.

நீங்கள் எழுத்தில் காரணம் எதுவும் தரவில்லை. காதில் விழுந்ததை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தம்மத்தில் ஆண் பெண் பேதம் இல்லை, தனியாக எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி. பேதம் இல்லை என்றால் பதினேழு பெயரில் எட்டுப் பேராவது பெண்களாக இருந்திருக்க வேண்டும். நூலக அலமாரியின் சாவி உங்கள் செயலாளர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. புத்தகம் வேண்டும் என்று போனால், "ஐயா வெளியே போயிருக்காங்க, அப்புறம் வாங்க" என்கிறார்கள். மூன்று பௌர்ணமி அப்படித் திரும்பி வந்திருக்கிறோம். தனியாகக் கூடினால்தான் எங்கள் பெண்கள் வாய் திறக்கிறார்கள். மாமனாரும் கொழுந்தனும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்தச் சத்துணவு அம்மா தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்.

பிக்குணி வருவதில் சிக்கல் என்று இன்னொரு பேச்சு. தேரவாதத்தில், அதாவது இலங்கை, பர்மா வழிப் பௌத்தத்தில், பிக்குணிப் பரம்பரை அறுந்துவிட்டது, இப்போது வருகிறவர்களை ஏற்க முடியாது, விழாவுக்கு வருகிற பிக்குவுக்கு மனவருத்தம் ஆகும் என்கிறீர்கள். பரம்பரை எப்படி அறுந்தது என்று பேசுவோமா? அசோகரின் மகள் சங்கமித்தை இலங்கைக்குக் கொண்டுபோன பிக்குணிச் சங்கம் அங்கே ஆயிரம் வருடத்துக்கு மேல் இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கிருந்து கப்பலேறிச் சீனாவுக்குப் போன பிக்குணிகள்தான் அந்த நாட்டுப் பெண்களுக்கு முறைப்படி உபசம்பதை, அதாவது முழுத் துறவு, கொடுத்தார்கள். அப்புறம் பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் சோழர் படை போயிற்று. அனுராதபுரம் அழிந்தது. 1070-ல் சோழரை விரட்டிய இலங்கை மன்னர் விசயபாகு பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பிக்குச் சங்கத்தை மறுபடி நிறுவினார். பிக்குணிச் சங்கத்தை மறுபடி நிறுவ யாரும் முன்வரவில்லை. அது அப்படியே மறைந்துபோனது.

அந்தப் படை புறப்பட்டது இந்தக் காவிரிக் கரையிலிருந்து. இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைப் பற்றி ஒவ்வொரு வருடமும் மேடையில் பெருமையாகப் பேசுகிறீர்கள். நானும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள்தான். கொடுத்த கதையைச் சொல்கிறபோது அழிந்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரருக்கும் இல்லாத கடன், ஒரு பிக்குணியை வாசலில் நின்று வரவேற்கிற கடன், நம் ஊர்க்காரர்களுக்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அறுந்ததைத் திரும்பவும் முடிச்சுப் போட்டாயிற்று. சீனாவுக்குப் போன அந்தப் பரம்பரை கொரியாவிலும் தைவானிலும் அறாமல் இருந்தது. 1996-ல் சாரநாத்தில் கொரியச் சங்கத்தின் துணையோடு இலங்கைப் பெண்கள் உபசம்பதை பெற்றார்கள். 1998-ல் இலங்கையிலேயே, தம்புள்ளையில், அது நடந்தது. ஒத்துக்கொள்ளாத பிக்குகள் இன்றும் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். அவர்களோடு துறவிகளின் விதிகளான விநயத்தைப் பற்றி வாதம் செய்யத் தகுந்த பிக்குணிகளும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நாங்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும். உறையூர்க்காரரான புத்ததத்தர் விநயத்தைச் சுருக்கிப் பாட்டாக எழுதியது பூதமங்கலத்து விகாரையில். அந்த நூலில் பிக்குணிகளுக்கு ஒரு பகுதி தனியாக இருக்கிறது. பிக்குணிக்கு என்ன விதி என்று எழுதப்பட்ட சோழநாட்டில் ஒரு பிக்குணி இரண்டு நாள் தங்கக் கூடாது என்றால் அதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

மகாபிரஜாபதி கௌதமியை நீங்கள் அறிவீர்கள். புத்தரை வளர்த்த தாய். சாக்கியப் பெண்களோடு கால் வீங்க வைசாலிவரை நடந்து வந்து, புழுதி படிந்த உடம்போடு வாசலுக்கு வெளியே அழுதுகொண்டு நின்றார். புத்தரின் சீடர் ஆனந்தர், பெண்களுக்கும் துறவு கொடுக்கச் சொல்லி அவருக்காக மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மறுப்புத்தான். அப்புறம் ஆனந்தர் கேள்வியை மாற்றினார்: பெண்ணால் நிப்பானத்தை, முழு விடுதலையை, அடைய முடியுமா, முடியாதா? முடியும் என்றார் புத்தர். கதவு திறந்தது. பிற்பாடு, புத்தர் மறைந்த பிறகு பிக்குகள் கூடிய முதல் சங்கீதியில், பெண்களுக்காகப் பரிந்து பேசினாய் என்று அதே ஆனந்தர்மேல் குற்றம் சாட்டினார்கள். உங்கள் குழுவில் எங்களுக்காக ஒருவர் பேசினார் என்று கேள்விப்பட்டேன். அவரையும் அதற்காக யாராவது கடிந்துகொண்டிருந்தால், தயவுசெய்து அவரிடம் போய்ப் பேசுங்கள்.

பெண்கள் இரவு தங்கினால் பாதுகாப்பு என்ன என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்விதான், கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்போம். மண்டபத்துக்குப் பின்னால் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, விளக்கும் இல்லை என்று போன வருடமே சொன்னோம். எங்கள் குழுப் பணத்திலேயே போட்டுக்கொள்கிறோம். இரவில் முறைவைத்து விழித்திருக்கவும் ஆள் இருக்கிறது.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு நாளும் இத்தனை பெண்கள் தங்கினால் அந்த நாளில் இருப்பவர்களும் இருப்பார்கள், புத்தர் சிலை இருக்கிற கூடத்தில் எப்படி என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். கேட்டது யார் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுத மாட்டேன். ஐயா, தீட்டு என்ற ஒரு சொல்லை வைத்து நம் தாத்தாவைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள், நம் அப்பாவுக்கு டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தார்கள். அந்தச் சொல்லை உதறிவிட்டுத்தானே தம்மத்துக்கு வந்தோம்? அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றதும், 1956-ல் நாகபுரியில் அம்பேத்கர் இருபத்திரண்டு உறுதிமொழி எடுத்ததும் எதற்காக? நம்மைச் சுட்ட நெருப்பை எடுத்து நம் வீட்டுப் பெண்ணின்மேல் வைக்கலாமா? அந்த வார்த்தையைக் கேள்விப்பட்ட அன்று என் மருமகள் அழுதாள். எங்கள் கூட்டத்துக்கான நோட்டீஸை டைப் செய்தவள் அவள்தான்.

வேண்டுமானால் ஐப்பசியில் வைத்துக்கொள்ளட்டும் என்று கடைசியாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஐப்பசியில் சம்பா வயலில் களை எடுக்க ஆள் கிடைக்காமல் நாயாய் அலைவது நீங்கள்தானே? அடைமழை வேறு. தையில் அறுப்பு, பங்குனியில் உளுந்தும் பயறும் பறித்து அடித்து எடுப்பது, அதெல்லாம் முடிந்து, மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் கையில் வேலை இல்லாமல் நாங்கள் மூச்சு விடுகிற மாதம் சித்திரை ஒன்றுதான். கூலியை விட்டுவிட்டு எந்தப் பெண்ணும் தம்மம் கேட்க வர முடியாது. வந்தாலும் மனம் உட்காராது. நாளைக் குறித்தது நாட்காட்டியைப் பார்த்து இல்லை, வயலைப் பார்த்து.

மணிமேகலையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். உங்கள் மேடையில் அவள் எப்போதும் அமுதசுரபியோடுதான் வருகிறாள். சோறு போட்டவள். போட்டாள், உண்மைதான். ஆனால் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டவளும் அவள்தான். காஞ்சியில் அறவண அடிகளிடம் தருக்கமும், துன்பம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிற பன்னிரு சார்பும் பாடம் கேட்டவளும் அவள்தான். வஞ்சியில் கேள்வி கேட்பதற்கு அவள் ஆண் துறவியின் வடிவம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் பெண்களுக்கு அந்த மந்திரம் தெரியாது. சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, மடியில் பிள்ளையோடு வந்து கேட்பார்கள்.

நாங்கள் கேட்பது இவைதான். ரத்து செய்த தாளை எடுத்துவிட்டு, சித்திரை கடைசிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மண்டபத்தை எங்களுக்குத் திறந்து கொடுங்கள். எடுக்க முடியாது என்றால் காரணத்தைக் கையெழுத்தோடு எழுத்தில் கொடுங்கள், நாங்கள் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லிக் கேட்போம். வருகிற பிக்குணிக்கு, விழாவுக்கு வரும் பிக்குவுக்குப் போடுகிற அதே வெள்ளைத்துணி விரித்த ஆசனத்தைப் போட்டு, தலைவர் நேரில் வந்து வரவேற்க வேண்டும். நூலக அலமாரிக்கும் மண்டபத்துக்கும் ஒரு சாவி செய்து பெண்கள் கையில் ஒப்படைக்க வேண்டும். செலவு எங்களுடையது. நிர்வாகக் குழுவில் பதினொரு பேர் இருக்கிறீர்கள், அடுத்த தேர்தலில் நான்கு இடமாவது பெண்களுக்கு என்று இப்போதே தீர்மானம் போடுங்கள். மாதவிலக்கைக் காரணம் காட்டி எந்தப் பெண்ணையும் கூடத்துக்குள் வரக் கூடாது என்று சொல்ல மாட்டோம் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

வைகாசி அன்னதானத்தை நாங்கள் விடவில்லை. பசித்து வருகிறவருக்குச் சோறு போடுவது எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்த வருடம் அடுப்படியில் பாதிப் பேர் ஆண்கள் இருக்க வேண்டும், அழைப்பிதழில் சமைக்கிற எல்லோர் பெயரும் இருக்க வேண்டும், பேசுகிறவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். யார் யார் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்ற பட்டியலை இந்த மடலோடு செயலாளர் வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் தெரிய வேண்டும். பிக்குணியின் டிக்கெட்டை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று அவருக்குச் சொல்ல வேண்டும். பந்தல்காரருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பௌர்ணமி வாசிப்புப் பெண்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
கீழ்வேளூர் வட்டம்